அன்னாசி என்று சொன்னால்

அத்தியாயம் 1

டூயி சவப்பெட்டியின் மூடியைத் தூக்கினான். உள்ளே கிடந்த பிணம் ஒரு கண்ணை மட்டும் திறந்தது.

"இதோட மூணாவது தடவை சார். உள்ள நான் மட்டும்தான் இருக்கேன். மூடிட்டுப் போங்க, காத்து வருது."

"ஒரு பொண்ணு வந்து ஒளிஞ்சா உடனே குரல் குடு."

"இடம் எங்க இருக்கு? என் தொப்பைக்கே பத்தல."

மூடியைப் போட்டுவிட்டு டூயி பார்லோ அடுத்த அறைக்கு ஓடினான். கோமாளியின் அலமாரி, சூனியக்காரியின் கொப்பரை, பிளாஸ்டிக் மண்டையோடுகள் குவிந்த தள்ளுவண்டி. எல்லாவற்றையும் கிளறினான். கிழவி வேஷத்தில் இருந்த ஒரு பெண், தன் பாவாடைக்கு அடியிலும் பார்க்கிறானோ என்று இரண்டடி தள்ளி நின்றுகொண்டாள். விளக்கெல்லாம் எரிந்துகொண்டிருந்தது. இருட்டில் ஆளை நடுங்க வைக்கும் இடம், வெளிச்சத்தில் கறுப்புத் துணியும் ஒட்டுப்பலகையுமாக அழுது வடிந்தது. ஆனாலும் டூயி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டான். அவன் பேய்க்குப் பயந்தவன். அது அவன் முதலாளிக்கும் தெரியும்.

கைக்கடிகாரம் நாலு இருபத்தொன்று காட்டியது. எட்டு வயதுப் பெண் காணாமல் போய் நாற்பது நிமிடம் ஆகிவிட்டது.

வெளியே அக்டோபர் வெயில் மஞ்சளாகச் சாய்ந்திருந்தது. ஓஹியோவில் இந்த மாதம் பாழடைந்த கட்டடம் வைத்திருப்பவன் எல்லாம் காசு வாங்கிக்கொண்டு ஆளைப் பயமுறுத்தும் பேய்வீடு நடத்துவான். ஆர்லன் ஸ்டப்ஸிடம் ஒரு பழைய மாவு ஆலையே இருந்தது. அதனால் அவன் இரண்டு நடத்தினான். இடது பக்கம் பூசணித் தடம்: குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு, மதியம் இரண்டு மணியிலிருந்து. டூயி இப்போது தேடிவிட்டு வந்தது அதைத்தான். வலது பக்கம் ஒன்பதாம் கிடங்கு: பதினெட்டு வயது தாண்டிய, நெஞ்சு அதிர வேண்டும் என்றே தேடி வருகிறவர்களுக்கு, ஏழு மணிக்கு மேல். நடுவில் டோனட் கடை. சூடான ஆப்பிள் சாற்றின் வாசனை இரண்டு பக்கத்துக்கும் பொது.

டிக்கெட் கொட்டகை ஓரத்தில், தன் பெண்ணைக் காணோம் என்று ஃபோன் செய்து அவர்களை அழைத்தவள் உட்கார்ந்திருந்தாள். கோரின் என்று பெயர் சொல்லியிருந்தாள். உயரமானவள், அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது. மடியில் செய்தித்தாளின் சனிக்கிழமை இணைப்பு கசங்கிக் கிடந்தது. வட்டாரத்துப் பேய்வீடுகள் எல்லாவற்றையும் பட்டியல் போட்டு, குடும்பங்களுக்கானவற்றுக்குப் பூசணிக்காயும் பெரியவர்களுக்கானவற்றுக்கு மண்டையோடும் மதிப்பெண்ணாகப் போட்டிருந்தார்கள். எண்ணிக்கை கூடக்கூடப் பயம் கூடும்.

அவள் எதிரில் ஒரு காலிப் பீப்பாய்மேல் வெர்னா ஹாஸ்கின்ஸ் உட்கார்ந்திருந்தாள்.

வெர்னாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. பதினெட்டு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். கண் சாலையில் இருக்க, தலைக்கு மேலே உள்ள கண்ணாடியில் ஒரு நொடி பார்த்து, பின்னால் அறுபது பிள்ளைகளில் எவன் எவள் ஜடையில் சூயிங்கம் ஒட்டப் போகிறான் என்று முன்கூட்டியே சொல்லத் தெரிந்தவள். பேருந்தை விட்டு இறங்கித் துப்பறியும் நிலையம் திறந்தபோது, தொழில் மாறியதாகவே அவளுக்குத் தோன்றவில்லை.

"இல்லை பாஸ்," என்றான் டூயி மூச்சிரைக்க. "பதினாலு பேய், ஒரு பிணம், பத்தொன்பது எலும்புக்கூடு. உயிரோட ஒரு குழந்தை இல்லை."

கோரின் முகத்தைப் பொத்திக்கொண்டாள். "அஞ்சு மணிக்குள்ள கண்டுபிடிச்சுக் குடுத்துடுங்க மேடம். தயவு பண்ணி அஞ்சு மணிக்குள்ள."

"பண்ணிடலாம்," என்றாள் வெர்னா. "ஜூனிக்கு எதுக்கு பயம்?"

"எதுக்குன்னா?"

"எதைப் பார்த்தா பயப்படுவா?"

"எல்லாத்துக்கும்தான். பேய், இருட்டு... சின்னக் குழந்தைதானே. எல்லாக் குழந்தை மாதிரியும்தான்."

வெர்னா தலையை ஆட்டினாள். குழந்தை காணாமல் போயிருக்கும்போது இது என்ன கேள்வி என்று டூயிக்குத் தோன்றியது. ஆனால் அவளிடம் அப்படிக் கேட்டவர்களை அவள் எப்படிப் பார்ப்பாள் என்று அவன் பார்த்திருக்கிறான்.

"இங்க எத்தனையோ இடம் இருக்க, இதை ஏன் பிடிச்சீங்க?"

"பேப்பர்ல நல்லா எழுதியிருந்தது." கோரின் இணைப்பை நீட்டினாள். வெர்னா அதைப் படித்தாள், மடித்தாள், தன் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அப்போது ஆர்லன் ஸ்டப்ஸ் வந்தான். கழுத்தில் ஒரு பெரிய காதடைப்பான் தொங்கியது. "வாசலை அடைச்சுட்டேன். போற ஒவ்வொரு வண்டியையும் திறந்து பாக்கறாங்க. எதுவும் இல்ல. ஆனா வெர்னா, ஷெரிஃபுக்குச் சொல்லிடலாமா? எனக்கு என்னமோ..."

"வேண்டாம்," என்றாள் கோரின் வேகமாக. "ஃபோன்லயே சொன்னேனே. ஜூனியோட அப்பா போலீஸ்ல இருக்கார். கோர்ட் குழந்தையை என்கிட்ட குடுத்திருக்கு. ஒரு இடத்துல பேர் பதிவாச்சுன்னா அவருக்குத் தெரிஞ்சுடும். வந்து தூக்கிட்டுப் போயிடுவார். அப்புறம் என் பொண்ணை நான் பார்க்கவே முடியாது."

ஆர்லன் வெர்னாவைப் பார்த்தான். போலீஸ் வண்டி வாசலில் நின்றால் இன்று கூட்டம் வராது என்ற கவலை அவனுக்கு. அதனால் பெரிதாக வற்புறுத்தவில்லை.

"அஞ்சு மணிக்கு நான் ஒன்பதாம் கிடங்கை ஒருதரம் ஓட்டிப் பாக்கணும்," என்றான். "தினம் பாக்கறதுதான்."

"ஓட்டறதுன்னா?" என்றான் டூயி.

"எல்லா மெஷினும். புகை, காத்து, இறங்குற தரை, நெருங்குற சுவர். ஆள் நடுவுல இருந்தா தானா நிக்கிற கருவியை ஏழு மணிக்குத்தான் போடுவோம். இப்ப உள்ள யாரும் இல்லையே."

"சுவர் எவ்வளவு நெருங்கும்?"

"முன்னூறு பவுண்டு ஆளே மூச்சைப் பிடிச்சுக்கற அளவு. அதுக்குத்தான் பேப்பர்ல அஞ்சு மண்டையோடு குடுத்திருக்கான்." ஆர்லன் குரலில் கொஞ்சம் பெருமை எட்டிப் பார்த்தது.

வெர்னா எழுந்தாள். "டூயி, வா. சோளக்கொல்லை பொம்மையைப் பார்க்கணும்."

ஆறாவது அறையில் சோளக்கொல்லை பொம்மை, தலையைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு டோனட் தின்றுகொண்டிருந்தது. வார நாட்களில் அது லானி என்ற பெயரில் ஒரு பல் மருத்துவரிடம் உதவியாளாக இருந்தது.

"காணாமப் போறதுக்கு முன்னாடி கடைசியா அவளைப் பார்த்தது நீதான்," என்றாள் வெர்னா. "அடுத்த அறையில பத்து செகண்ட் முழு இருட்டு. அந்த இருட்டுலதான் அம்மா கையை உதறிட்டு ஓடியிருக்கா. உன் அறையில என்ன நடந்துச்சு, ஒண்ணு விடாம சொல்லு."

"ஆறு பேர் கும்பலா வந்தாங்க. நாலு பேரை வழக்கம்போல அலறவிட்டேன். பின்னாடி இந்தப் பொண்ணும் அவங்கம்மாவும்."

"அம்மா முகம் எப்படி இருந்துச்சு? பதட்டமா? சிரிச்சுக்கிட்டா?"

"முகத்தை நான் பார்க்கலீங்க. பச்சை வளையம்."

"அது என்னது?" என்றான் டூயி.

"பயப்படறவங்களுக்கு வாசல்ல குடுப்போம், கழுத்துல போட்டுக்க. பச்சையா மின்னும். அது தெரிஞ்சா நாங்க சட்டுனு சுவரைப் பார்த்துத் திரும்பி நிக்கணும். அவங்க தாண்டிப் போற வரைக்கும் மூச்சு விடக்கூடாது. போன வருஷம் ஒருத்தன் மறந்துபோய் பச்சைக்காரங்களைப் பார்த்து உறுமிட்டான். அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிட்டாங்க."

"எனக்கு ஒரு டஜன் வாங்கிக் குடுங்க பாஸ். சம்பளத்துல பிடிச்சுக்குங்க."

வெர்னா சிரிக்கவில்லை. "பச்சை யார் கழுத்துல இருந்துச்சு?"

"உசரமா இருந்தவங்க கழுத்துல. பொண்ணுக்கு ஒண்ணும் இல்ல."

"நிச்சயமா?"

"பொண்ணு கழுத்துல இருந்தா நான் அவளைப் பார்த்திருக்கவே மாட்டேனே. அவ நேரா என்கிட்ட ஓடி வந்தா. என் வைக்கோல் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'என்னைக் காப்பாத்துங்க, ப்ளீஸ்'னா."

"நீ என்ன சொன்னே?"

லானி டோனட்டைக் கீழே வைத்தான். "என் வசனத்தைத்தான். 'இந்தக் கொல்லையில யாரும் யாரையும் காப்பாத்த மாட்டாங்க'ன்னு. அதுக்கப்புறம் ஒரு சிரிப்பு இருக்கு. அதையும் சிரிச்சேன்." அவன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "வேஷத்தைக் கலைக்கக்கூடாதுங்க. தினமும் நாப்பது பிள்ளைங்க அதே மாதிரி கெஞ்சும். ஒருத்தி போலீஸைக் கூப்பிடுங்கன்னே அழுதா. வெளிய போய் டோனட் தின்னுட்டு மறுபடி வரிசையில நின்னா."

"இவ எப்படிக் கேட்டா? கத்தினாளா?"

"இல்ல. மெதுவா. ரகசியம் மாதிரி." லானி கொஞ்சம் யோசித்தான். "நான் சிரிச்சதும் கையை விட்டுட்டா. பயந்த மாதிரி இல்லீங்க. கண் முன்னாடியே பஸ்ஸை விட்டவங்க பார்ப்பாங்க பாருங்க, அப்படி ஒரு பார்வை."

வெர்னா வந்த வழியே விறுவிறுவென்று நடந்தாள். டூயி ஓட்டமும் நடையுமாகப் பின்தொடர்ந்தான்.

"புரிஞ்சுடுச்சு பாஸ். பொண்ணுக்குன்னு வாங்கின வளையத்தை அம்மா மாட்டிக்கிட்டாங்க. எங்கம்மாவும் இப்படித்தான், எனக்குன்னு கேக் வாங்கி..."

"டூயி, எட்டு வயசுப் பிள்ளை நாப்பது நிமிஷம் வரிசையில நின்னா என்ன செய்யும்?"

"அரிக்கும். பாத்ரூம் வருதுன்னு சொல்லும்."

"படிக்கும். கண்ணுல படுற எழுத்து எல்லாத்தையும் படிக்கும். பஸ் ஜன்னல் வழியா வழுக்கைத் தலைத் தைல விளம்பரம் வரைக்கும் சத்தமா படிப்பாங்க."

பூசணித் தடத்தின் வரிசைக் கயிறு ஆலைச் சுவரை ஒட்டி வளைந்து வளைந்து ஓடியது. வெர்னா அதன் கடைசி வளைவில் போய் நின்றாள். பிறகு மூட்டு வலியில் முனகிக்கொண்டே மண்டியிட்டாள். அவள் தலை இப்போது எட்டு வயதுக் குழந்தையின் உயரத்தில் இருந்தது.

"நின்னா டோனட் கடைக் கூரைதான் தெரியுது. இப்ப குனிஞ்சு பாரு."

டூயி குனிந்தான். கடையின் கூரைக்கும் மேசைக்கும் நடுவில் இருந்த இடைவெளி வழியாக, எதிர்ப்புறம் ஒன்பதாம் கிடங்கின் கதவும் அதன்மேல் ஒரு வெள்ளைப் பலகையும் நேராகத் தெரிந்தன. கண்ணைச் சுருக்கிக்கொண்டு படித்தான்.

"'பதினெட்டு வயதுக்கு உட்பட்டோர் வரக்கூடாது. உள்ளே உங்களைத் தொடுவோம், பிடிப்போம், அடைப்போம். நீங்கள் எவ்வளவு கெஞ்சினாலும் விட மாட்டோம். ஒரே ஒரு சொல் மட்டும் விதிவிலக்கு. அன்னாசி. அதைச் சொன்ன கணமே விளக்கு எரியும். யாரும் சிரிக்க மாட்டோம். காரணம் கேட்க மாட்டோம். எங்கள் ஆள் ஒருவர் வேஷத்தைக் கலைத்துவிட்டு, நீங்கள் போகச் சொல்லும் வரை உங்கள் கூடவே இருப்பார்.'"

அவன் நிமிர்ந்தான். "எல்லாத்துக்கும் பயப்படற பொண்ணு போயும் போயும் அஞ்சு மண்டையோட்டுக்குள்ளயா போவா? நானே போக மாட்டேன்."

"அதான் நானும் யோசிக்கறேன்." வெர்னா எழ முயன்று அவன் தோளைப் பற்றினாள். "மணி என்ன?"

"நாலு ஐம்பத்திரண்டு." சொன்ன பிறகுதான் அது அவனுக்கு உறைத்தது. "பாஸ். அந்தச் சுவர்."

இருவரும் ஓடினார்கள். கிடங்கின் முன்கதவில் பூட்டுத் தொங்கியது. பக்கவாட்டில், புகை மெஷினுக்கான எண்ணெய்ப் பீப்பாய்களை உருட்டிக்கொண்டு வருகிற சறுக்குக் கதவு ஒரு முழம் திறந்திருந்தது. ஒரு குழந்தை நுழைய அதுவே அதிகம்.

"ஆர்லன் மேல, மெஷின் ஓட்டற கண்ணாடி அறையில இருப்பான். காதடைப்பானை மாட்டிக்கிட்டா இடி விழுந்தாலும் கேக்காது. நான் போறேன். நீ உள்ள போ."

"தனியாவா?"

"உன் ஃபோனைக் குடு."

"எதுக்கு?"

"என்னோடதுல சார்ஜ் இல்ல." மதியம் அவளுடையது நிறைந்திருந்ததை அவன் பார்த்திருந்தான். வாதாட நேரமில்லை, கொடுத்தான். அவள் தன் டார்ச்சை அவன் கையில் திணித்தாள். "அவ கிடைச்சா யார்கிட்டயும் சொல்லாதே. கத்தாதே."

"அவங்கம்மாகிட்ட கூடவா?"

"யார்கிட்டயும்னா யார்கிட்டயும்."

கதவை இன்னும் ஒரு முழம் தள்ளிவிட்டு டூயி உள்ளே நுழைந்தான். பத்தடி தாண்டியதும் பகல் வெளிச்சம் மறைந்தது. டார்ச் ஒளியில் கொக்கிகளில் தொங்கும் ரப்பர் பன்றிகள். ஒவ்வொன்றும் அவன் உரசியதும் மெதுவாகத் திரும்பி அவன் முகத்தைப் பார்த்தது.

"ஜூனி," என்றான் தாழ்ந்த குரலில். "ஜூனி, பயப்படாதம்மா. நான் நல்லவன். கொஞ்சம் பயந்தவன், ஆனா நல்லவன்."

அடுத்த அறை பாழான ஆஸ்பத்திரி. அதற்கடுத்தது ஒரு நீள நடை. தரை சரிந்துகொண்டே போயிற்று. எங்கோ தலைக்கு மேலே மின்சாரம் உயிர்பெறும் உறுமல் கேட்டது.

ஐந்து மணி.

முதலில் காற்று வந்தது, காதருகே பாம்பு சீறியதுபோல. டூயி துள்ளி, நடை ஓரத்தில் இருந்த ஒரு மேசைமேல் விழுந்தான். அதில் கிடந்த பொம்மை நோயாளி எழுந்து உட்கார்ந்து அலறியது. அவனும் கூடச் சேர்ந்து அலறினான். பிறகு புகை. டார்ச் ஒளி ஒரு கை நீளத்துக்குச் சுருங்கியது. ஒலிபெருக்கியில் சங்கிலிகள் இழுபட்டன, யாரோ சிரித்தார்கள், யாரோ செத்தார்கள். அந்தக் களேபரத்தின் நடுவே, இடைவெளி விழுந்த ஒரு நொடியில், அவனுக்கு அது கேட்டது.

சன்னமான குரல். பாடம் ஒப்பிப்பதுபோல.

"அன்னாசி. அன்னாசி. அன்னாசி."

டூயி குரல் வந்த பக்கம் பாய்ந்தான். ஓர் இரும்பு வாசல்; உள்ளே ஆலையின் பழைய தானியத் தொட்டி. அதன் இரண்டு பக்கச் சுவரும் தடதடத்துக்கொண்டே ஒன்றை நோக்கி ஒன்று வந்துகொண்டிருந்தன. நடுவில், முழங்காலைக் கட்டிக்கொண்டு, ஆரஞ்சு ஸ்வெட்டர் போட்ட ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முடியை யாரோ கத்தரியால் தாறுமாறாகக் கத்தரித்திருந்தார்கள். அவள் ஓட முயலவில்லை. இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, அந்த ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வாசலுக்கும் அவளுக்கும் நடுவே ஏற்கெனவே ஒருக்களித்துத்தான் போக முடியும். டூயி வயிற்றை எக்கிக்கொண்டு நுழைந்தான். மரப்பலகை முதுகில் முட்டியது. பட்டன். அன்னாசி என்று கேட்டதும் பேய்கள் எதையோ அடித்து நிறுத்த வேண்டுமே, அது எங்கே? டார்ச் மேலே அலைந்தது, கீழே அலைந்தது. மூலையில், கறுப்பு வர்ணத்துக்குள் பாதி மறைந்து, உள்ளங்கை அகலத்தில் ஒரு சிவப்பு வட்டம். அவன் கை எட்டவில்லை. பலகை நெஞ்சை அழுத்தியது. டார்ச்சைத் தலைகீழாகப் பிடித்து, எம்பி, அதன் அடிப்பாகத்தால் குத்தினான்.

எல்லாம் நின்றது.

வெள்ளை விளக்குகள் எரிந்தன. கிடங்கு முழுவதும் ஒரு மணி கணகணவென்று அடித்து ஓய்ந்தது. சுவர்கள் பெருமூச்சு விட்டதுபோல ஒரு சத்தத்தோடு பின்வாங்கின. டூயி தரையில் சரிந்து உட்கார்ந்தான்.

சிறுமி கண்ணைத் திறந்து அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்க பேயா?"

"இல்லம்மா. இப்ப ஆகப் பார்த்தேன்."

"ரொம்ப நேரமா சொல்றேன். யாருமே வரல."

"மன்னிச்சுக்க. ஏழு மணிக்குத்தான் திறப்பாங்க." அவன் எழுந்து கையை நீட்டினான். "வா. உங்கம்மா வெளிய அழுதுக்கிட்டிருக்காங்க."

அவள் கையைக் கொடுக்கவில்லை. பின்னால் நகர்ந்து சுவரோடு ஒட்டிக்கொண்டாள். "காரணம் கேக்க மாட்டோம்னு போர்டுல போட்டிருக்கு. நான் போகச் சொல்ற வரைக்கும் கூடவே இருப்போம்னும் போட்டிருக்கு."

"ஆமா, ஆனா..."

"போட்டிருக்கு."

அப்போது பக்கவாட்டுக் கதவுப் பக்கமிருந்து குரல் வந்தது. மணியடித்தது வெளியேயும் கேட்டிருக்க வேண்டும். "ஜூனி? ஜூனிக் கண்ணு, உள்ள இருக்கியா? அம்மா வந்துட்டேன்டா."

டூயிக்கு நெஞ்சு நிறைந்தது. பதில் சொல்ல வாயைத் திறந்தான். சிறுமியின் இரண்டு கைகளும் வந்து அந்த வாயைப் பொத்தின. சில்லிட்டிருந்த அந்த விரல்கள் நடுங்கின. இத்தனை நேரம் அந்தச் சுவர்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தபோது நடுங்காத விரல்கள்.

சறுக்குக் கதவு உருளும் சத்தம். உடனே இரும்புத் தாழ் விழும் சத்தம். காலடி ஓசை தடுமாறியபடி நெருங்கியது. டூயி குழந்தையைத் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு டார்ச்சை ஓங்கினான்.

வந்தது வெர்னா. தலை கலைந்திருந்தது, மூச்சு வாங்கியது.

"ஆர்லன் காதுலேர்ந்து அதைக் கழட்டறதுக்குள்ள உயிர் போச்சு. டார்ச்சை இறக்கு."

வெளியே கதவைத் தட்டினார்கள். "மேடம்? என் பொண்ணு உள்ள இருக்காளா? கதவைத் திறங்க. மணி அஞ்சு ஆயிடுச்சு."

"பாஸ், அவங்க வெளிய..."

"இருக்கட்டும். நீ அவளுக்குச் சொல்லிடுவேன்னுதான் உன் ஃபோனையே வாங்கினேன். தாய்க்கு ஏதுடா கெடு? குழந்தை காணலைன்னா உடனே வேணும்பா. அஞ்சு மணிக்குள்ளன்னு எவ சொல்லுவா?" வெர்னா கோட்டுப் பையிலிருந்து செய்தித்தாள் இணைப்பை எடுத்து அவன் கையில் வைத்தாள். "மெயின் ரோட்டுலேயே ஒரு பூசணிக்காய் மட்டும் போட்ட இடம் இருக்கு. வைக்கோல் வண்டிச் சவாரி, பேயே கிடையாது. எல்லாத்துக்கும் பயப்படற பிள்ளையை அங்க கூட்டிக்கிட்டுப் போகல. இங்க வந்திருக்கா. எதுக்குக் கீழ கோடு போட்டிருக்கா பாரு."

பென்சிலால் ஒரே ஒரு வரியின் கீழ் கோடு இழுத்திருந்தது. டூயி படித்தான்: *குழந்தைகளின் அலறல் கார் நிறுத்துமிடம் வரைக்கும் கேட்கும், யாரும் கண்டுகொள்வதில்லை.*

"பதினஞ்சு பேர் வேலை செய்யற இடம்," என்றாள் வெர்னா. "வெளிய நிக்கிறவ முகம் எப்படியிருந்துச்சுன்னு அதுல ஒருத்தரால சொல்ல முடியுமா?"

டூயி கதவுப் பக்கம் திரும்பினான். பச்சை வளையம். கழுத்தில் பச்சை மின்னினால் எல்லோரும் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்பார்கள்.

தட்டுவது இடியாக மாறியிருந்தது. வெர்னா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி மண்டியிட்டு, சிறுமியின் கண்ணுக்கு நேராகத் தன் கண்ணைக் கொண்டுவந்தாள்.

"ஷெரிஃபோட ஆளுங்க வந்துக்கிட்டிருக்காங்க. அவங்க வந்தப்புறமும் நாங்க உன் கூடவே இருப்போம். போர்டுல போட்ட மாதிரி. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். உனக்கு எதுக்கு பயம்?"

சிறுமி நிதானமாக யோசித்தாள். "வாத்து. பெரிய வாத்து, கழுத்து நீளமா இருக்குமே. அப்புறம் பாத்ரூம்ல கை காய வைக்கிற மெஷின்."

"அது உங்கம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியுமே. அம்மா முன்னாடியே உள்ள போய் நின்னுக்குவாங்க. நான் வெளிய வர்ற வரைக்கும் அதை யாரும் அமுக்காம பாத்துப்பாங்க."

"ஜூனி," என்று கதவுக்கு வெளியே குரல் கூப்பிட்டது. இப்போது அதில் அழுகை இல்லை. "ஜூனி, கதவைத் திற."

சிறுமி டூயியின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஜூனின்னா யாருன்னு எனக்குத் தெரியாது," என்றாள். "அவங்க யாருன்னும் தெரியாது. வியாழக்கிழமை ஸ்கூல் வாசல்ல, 'உங்கம்மாதான் அனுப்பினாங்க, ஏறிக்கோ'ன்னாங்க."